நாற்பத்தொரு விநாடி

மே 12, திங்கள்

கருட சேவை வாரம். ஊர் முழுக்கக் கூட்டம். செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிட்டது. மீதியை நடந்தேன்.

கடை மாடியில் எங்கள் பிரிவில் மட்டும் கூட்டமில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் படியேறி வருவதில்லை, திரையில் வருகிறார்கள். பதினோரு பெண்கள், பதினோரு மேஜை, ஒவ்வொரு மேஜைக்கும் மேலே ஒரு கேமரா. பட்டுப் புடவையை விரித்துக் காட்டி வீடியோ காலில் விற்கிறோம். ஏப்ரலிலிருந்து இந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடம் விற்பனையில் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக எனக்கென்று ஒரு கண்ணாடி அறை. உட்கார்ந்தால் எல்லோர் முதுகும் தெரிகிறது. முகம் தெரிவதில்லை.

புது மென்பொருள் வருகிறது. எல்லா அழைப்புகளையும் அதுவே கேட்டு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுமாம். அதற்கு முன் அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமாம். அந்தக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் சந்தோஷ்குமார் சொன்னார்: "முந்நூறு பழைய கால் தரேன் மேடம். கேட்டுட்டு, எது நல்லது எது சரியில்லன்னு டிக் பண்ணுங்க. இனிமே உங்க காதுதான் அதோட காது."

பெருமையாகத்தான் இருந்தது.

மே 15, வியாழன்

ஒரு அழைப்பு இருபது நிமிடம். முந்நூறு அழைப்பு. கொடுத்தது நான்கு நாள். எப்படி முடியும்?

ஒரு வழி கண்டுபிடித்தேன். திரையில் ஒவ்வொரு அழைப்பும் ஒரு கோடாகத் தெரிகிறது. பேச்சு இருக்கும் இடத்தில் கோடு துள்ளுகிறது, இல்லாத இடத்தில் படுத்துக்கிடக்கிறது. 'வாடிக்கையாளரைக் காக்க வைத்தார்களா?' என்று ஒரு கேள்வி. கோடு நீளமாகப் படுத்திருந்தால் 'ஆம்'. கேட்கவே வேண்டாம், பார்த்தால் போதும். யார் பேசியது என்று பெயரும் கிடையாது, எண் மட்டும்தான். நேற்று மட்டும் நூற்று நாற்பது முடித்தேன்.

"சூப்பர் ஃபாஸ்ட் மேடம்" என்றார் சந்தோஷ்குமார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். சாப்பிட்டுக்கொண்டே, "எங்க லைன்ல ரோபோ தப்பு பண்ணா ரோபோவத் திட்டமாட்டாங்க. அதுக்குச் சொல்லிக் குடுத்தவனத்தான் கூப்புடுவாங்க. பாத்து பண்ணு வள்ளி" என்றார்.

இவருக்கு எல்லாமே பயம்.

ஜூன் 10, செவ்வாய்

பெண்கள் அந்த மென்பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: நாத்தனார். நாள் முழுக்க ஒட்டுக்கேட்கிறாள், சாயங்காலம் போட்டுக்கொடுக்கிறாள்.

"நாத்தனார் இன்னா மார்க்குக்கா போட்டா உனக்கு?" என்று சத்யப்ரியா கேட்டாள். அவள்தான் இருப்பதில் சின்னவள்.

"அம்பத்தி ஒண்ணு" என்றாள் பிரவீனா. "எங்க வூட்டு நாத்தனாரே அறுவது போடுவாடி."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிரவீனா முசரவாக்கத்திலிருந்து வருகிறாள். பதினான்கு வருடமாகிறது. கீழ்த்தளத்தில் மெத்தையில் உட்கார்ந்து விற்ற காலத்தில் என் பக்கத்து இடம் அவளுக்கு. வந்த புதிதில் ஓயாமல் பேசுவாள். புடவையை விரித்த கையோடு ஜரிகை, கரை, கலர் என்று ஆரம்பித்துவிடுவாள். நான் அவளுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான். முந்தானையை விரித்தாயா, கையை எடு, வாயை மூடு. கல்யாணப் பெண் அம்மாவைப் பார்க்க வேண்டும். அம்மா சம்பந்தியைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குள் ஒரு பதில் ஓடும். அது முடியும்வரை நாம் அங்கே இல்லை. நடுவில் நாம் பேசினால் அந்தப் புடவை போச்சு.

அவள் வாய் திறக்கும்போதெல்லாம் விரிப்புக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளுவேன். "மொத மாசம் நீலம் பூத்துப் போச்சு, எங்கம்மா பாத்துட்டு யாருடி அடிச்சதுன்னு கேட்டுச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதற்கப்புறம் கிள்ள வேண்டியிருக்கவில்லை. விரல் பட்டாலே நிறுத்திவிடுவாள்.

ஜூன் 21, சனி

சென்னையில் ஒரு நாள் பயிற்சி. 'செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் தலைமை.' எங்கள் முதலாளி குமாரசாமி சார் என்னை மட்டும் அனுப்பினார். முதலாளி நம்பி அனுப்பினார் என்பதே பெரிய விஷயம்.

குளிரூட்டிய அறை. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். இயந்திரம் எண் கொடுக்கும், காரணம் கொடுக்காது. காரணம் கேட்பது மேலாளர் வேலை. முடிவு யாருடையது என்று எப்போதும் ஒரு மனிதர் பெயர் இருக்க வேண்டும். ஊழியரிடம் முதலில் கேளுங்கள், பிறகு அறிக்கையைத் திறங்கள்.

சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி அறையில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பிரவீனா: 44.

அறிக்கையைத் திறந்து பார்த்தேன். மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஒரே ஒரு கட்டத்தில் சிவப்பு. 'பேசாத நேரம்: சராசரி 41 விநாடி.' மற்றவர்களுக்கு ஆறு, ஏழு.

எனக்குப் பார்த்த உடனே புரிந்தது.

ஆனாலும், மெத்தையில் விற்பது வேறு, திரையில் விற்பது வேறு அல்லவா? பெண் டல்லாஸில் இருக்கிறாள், அம்மா கும்பகோணத்தில், சம்பந்தி கோவையில். அத்தனை தூரத்தில் மௌனம் என்றால் லைன் கட்டாகிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? காலம் மாறியிருக்கலாம். எத்தனையோ ஆயிரம் அழைப்பு கேட்ட இயந்திரத்துக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது?

நாளைக்கு அவளிடம் பேச வேண்டும்.

ஜூலை 9

பேசவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி. யாருக்கும் விற்பனை இல்லை. கல்யாண வீட்டார் ஆடியில் பார்ப்பார்கள், ஆவணியில் எடுப்பார்கள். இது இந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. விற்பனை எண் எல்லோருக்கும் படுத்துவிட்டதால் மதிப்பெண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

பிரவீனா 42. தொடர்ந்து இரண்டு அறிக்கையில் ஐம்பதுக்குக் கீழே. அறிக்கையின் அடியில் 'மாற்றுப் பணி பரிந்துரைக்கப்படுகிறது' என்று தானாகவே ஒரு வரி.

குமாரசாமி சார் கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட பேசிப் பாத்தியா வள்ளிம்மா?"

"பாத்தேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

கூட்டம். குமாரசாமி சார், சந்தோஷ்குமார், பிரவீனா, நான். பிரவீனா என் பக்கத்து நாற்காலியில்.

சார் கோபமாகப் பேசவில்லை. "இன்னாமா, கஸ்டமர் லைன்ல இருக்கசொல்ல நாப்பது செகண்டு பேசாம உக்காந்துக்கினு இருந்தா அவங்க இன்னா நெனைப்பாங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார்.

"அது வந்து சார்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். அப்புறம் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை.

சந்தோஷ்குமார் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்கிங் பிரிவுக்கு மாற்றுவது என்று முடிவு. கடிதம் நான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடிதம் எழுத ஒரு வாரமாக உட்கார்ந்தேன். வரவில்லை. கடைசியில் கணினியிலேயே கேட்டேன்: பரிவோடும் உறுதியோடும் ஒரு கடிதம். பத்து விநாடியில் வந்துவிட்டது. 'தங்களின் நெடிய பங்களிப்பை நிறுவனம் நன்றியோடு மதிக்கிறது. இந்த மாற்றம் தங்கள் வளர்ச்சிக்குப் புதிய வாசலாக அமையும் என நம்புகிறோம்.' ஒரு பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிரவீனா நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள்.

"அக்கா, இதுல ஒரு வரிகூட உன்னுது இல்லயே" என்றாள்.

"ஆபீஸ் லெட்டர்னா அப்படித்தான் பிரவீனா."

"நீ திட்டி எழுதியிருந்தாகூட நான் பேக்கிங்குக்குப் போயிருப்பேங்கா."

ஆகஸ்ட் 13, புதன்

அவள் வேலையை விட்டுவிட்டாள்.

எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். சத்யப்ரியா அழுதாள். கடைசியாக என் அறைக்கு வந்து மேஜை முன்னால் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். எனக்குத் தெரியும், அவள் எப்படிக் காத்திருப்பாள் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் சுட்டியை நகர்த்திக்கொண்டே இருந்தேன். திரையில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டபின்தான் நிமிர்ந்தேன். அவள் முதுகு தெரிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி முகூர்த்தம். அழைப்புகள் குவிகின்றன. இன்று திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா: "போன மாசம் ஒரு பொண்ணு காமிச்சாளே, அவ இல்லையா? அந்தப் பேசாத பொண்ணு. நாங்க பாட்டுக்கு வீட்ல இருக்கற மாதிரி பேசிக்கிட்டோம். அவளே இருந்தா எடுத்துக்கறோம்."

அழைப்பை வேறொரு பெண்ணிடம் கொடுத்தேன். மிக நன்றாகப் பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். மதிப்பெண் 86.

அந்த அம்மா எடுக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதிப்பெண் எல்லோருக்கும் ஏறியிருக்கிறது, விற்பனை இறங்கியிருக்கிறது. குமாரசாமி சார் சந்தோஷ்குமாரை வரவழைத்தார். அவர் காலையிலிருந்து எதையோ தோண்டிப் பார்த்துவிட்டு மதியம் என் அறைக்கு வந்தார். பாவம், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மேடம், பேசாத நேரம் தப்புன்னு நாங்க எங்கயும் எழுதல. அது உங்க டிக்லேர்ந்து கத்துக்கிச்சு. பாருங்க. நீங்க சரியில்லன்னு போட்ட எண்பத்தி மூணு கால்ல, அறுபத்தி ஏழு ஒரே ஆளோடது."

அந்த எண்ணுக்கு உரிய பெயரைத் திறந்து காட்டினார்.

பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

படுத்துக்கிடந்த கோடு. கேட்காமல், பார்த்தால் போதும் என்று 'ஆம்' போட்டேனே, அந்தக் கோடு. நான் கிள்ளிக் கிள்ளிச் சொல்லித்தந்த மௌனம் அது. அவளுக்கு ஒன்றைச் சொல்லித்தந்தேன், அதற்கு நேரெதிரானதை இயந்திரத்துக்குச் சொல்லித்தந்தேன். இரண்டும் மோதியபோது இயந்திரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். அதற்கு அதிகம் தெரியும் என்று. அதற்குத் தெரிந்தது நான்தானே! கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்ட நான்.

செப்டம்பர் 10, புதன்

எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் நான்காம் தேதி அவள் "அது வந்து சார்..." என்று ஆரம்பித்தாள் அல்லவா? அடுத்த சொல் 'வள்ளியக்கா' என்று எனக்குத் தெரியும். 'வள்ளியக்காதான் சொல்லிக்குடுத்தாங்க.' அதைத்தான் சொல்லப்போனாள், குற்றமாக அல்ல, நம்பிக்கையாக. அக்காவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மீதியை அவள் சொல்லிவிடுவாள் என்று.

மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன்.

புதுப் பதவி. நாலு மாதம்கூட ஆகவில்லை. இவள்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாளா என்று சார் என்னைப் பார்ப்பாரே என்று — அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. எத்தனை தேடினாலும் இதைவிடப் பெரிய காரணம் கிடைக்கவில்லை.

பதினான்கு வருடப் பழக்கம். விரல் பட்டதும் நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிவரை பேசவும் இல்லை.

அடிப்பாவி, அன்றைக்காவது நீ பேசித் தொலைத்திருக்கக்கூடாதா?

இல்லை. அவளைத் திட்டி என்ன?

செப்டம்பர் 12, வெள்ளி

குமாரசாமி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் டிக் போட்டது, மௌனம் நான் சொல்லித்தந்தது, 'பேசிப் பாத்தேன்' என்று பொய் சொன்னது. மேஜைக்கு அடியில் நடந்ததையும் சொன்னேன். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கப்பா கடைக்கி வர்ற புதுப் பசங்களுக்கெல்லாம் இதத்தாம்மா சொல்வாரு, புடவ விரிச்சா வாய மூடுன்னு. எனக்கும் தெரிஞ்சதுதான். அறிக்கையில வேற மாதிரி இருக்கசொல்ல நானும் மறந்துட்டேன்" என்றார். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா 'அட ஆமால்ல'ன்னு சிரிச்சிருப்பேன். அவ்ளோதானே."

அவ்வளவுதானாம்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் இறங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேலையை எடுக்கவில்லை. "நீதான் கெடுத்த, நீதான் சரி பண்ணணும். அந்தப் பொண்ண மொதல்ல கூப்புடு."

செப்டம்பர் 13

போன் எடுக்கவில்லை. நான்கு முறை.

செப்டம்பர் 22, திங்கள்

முந்நூறையும் முதலிலிருந்து கேட்கிறேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு, முழுசாக. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் முடியவில்லை. முடியாது என்று மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள் போதாது சார், ஒரு மாதம் வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பேச எனக்கு வரவில்லை.

இன்று கேட்டது: பிரவீனா முந்தானையை விரிக்கிறாள். சரசரவென்று பட்டுச் சத்தம். பிறகு நாற்பத்தொரு விநாடி. அது மௌனமே இல்லை. யாரோ மூச்சை இழுத்து விடுகிறார்கள். வளையல் சத்தம். ஒரு ஆண் குரல் ஏதோ சொல்ல வர, 'ஷ்ஷ்' என்று ஒரு பெண் குரல். கடைசியில் மெதுவாக, "அம்மா, உனக்குப் பிடிச்சிருக்கா?" "உனக்குப் பிடிச்சிருக்கேடி." இரண்டு பேரும் அழுகிறார்கள்.

கோட்டில் இது எதுவும் தெரியவில்லை.

பிறகு அந்தப் பெண் பிரவீனாவிடம், "நீங்க ஏங்க ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்கிறாள்.

"எங்க அக்கா அப்படித்தாம்மா பழக்கி வெச்சிருக்காங்க" என்று சிரிக்கிறாள் பிரவீனா.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பதினோரு கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பிரவீனாவின் மேஜையில் வேறு ஆளைப் போடவில்லை. அதற்கும் பொட்டு வைத்தேன்.

சத்யப்ரியாதான் கேட்டாள்: "நாத்தனாருக்கு இன்னும் கோவமாக்கா?"

"நாத்தனார் மேல ஒண்ணும் இல்லடி. மாமியார் மேலதான் தப்பு" என்று என்னையே தொட்டுக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் சொன்னேன், போன வாரம், எல்லோரையும் உட்கார வைத்து. இனி யாருக்காவது மதிப்பெண் குறைந்தால், அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று அழைப்பு கேட்போம், அவள் காரணம் சொல்வாள், அதற்கப்புறம்தான் அறிக்கை மேலே போகும். கடிதம் என்றால் நான் கையால் எழுதுவேன்.

பயிற்சியில் சொன்னதுதான் இது. நோட்டில் அப்படியே இருக்கிறது. சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பிரவீனாவிடமிருந்து பதில் வந்தது. கைப்பட எழுதி, அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தேன்; பழைய இடமும் சம்பளமும் அப்படியே இருக்கின்றன, வா என்று.

வாட்ஸப்பில் ஒரே வரி. 'நன்றி மேடம். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்.'

மேடம்.

நவம்பர் 16, ஞாயிறு

வேறு ஒரு கடை. சின்னது, கேமரா இல்லை, கீழ்த்தளத்தில் மெத்தை. சத்யப்ரியாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன்.

பிரவீனா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு புதுப்பெண். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "வாங்க, உக்காருங்க. இன்னா கலர்ல பாக்கறீங்க?" என்றாள், யாரிடமும் கேட்பதுபோல.

"எதுவானாலும்" என்றேன்.

அரக்கில் ஒன்று எடுத்தாள். முந்தானையை விரித்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

புதுப்பெண் ஆரம்பித்துவிட்டாள். "மேடம், இது பாத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் கரை, இந்தக் கலர் இப்ப..."

என் கண் தானாக விரிப்பின் ஓரத்துக்குப் போனது. பிரவீனாவின் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன. அந்தப் பெண் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆனால் வாய்விட்டு, "கொஞ்சம் இரும்மா. அவங்க பாக்கட்டும். நாம நடுவுல பேசுனா அவங்களுக்கு யோசிக்க வராது" என்றாள்.

எவ்வளவு எளிது. கிள்ளாமல், இப்படி வாயால் சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடத்தில் ஒரு முறை கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். மூன்று பேரும் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாற்பத்தொரு விநாடிக்கு மேலேயே இருக்கும். பிரவீனா பேச மாட்டாள். எவ்வளவு நேரமானாலும் பேச மாட்டாள். அப்படித்தானே பழக்கியிருக்கிறேன்.

நான்தான் பேசினேன். "அன்னிக்கி உன்னக் கிள்ளியிருக்கக் கூடாது பிரவீனா."

அவள் புடவையை மடிக்கத் தொடங்கினாள். பழைய மடிப்பிலேயே, ஒரு சுருக்கம் விழாமல், ஒவ்வொன்றாக. கடைசி மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, நிமிராமல் சொன்னாள்:

"இந்த வாட்டியும் நீலம் பூத்துதான் போச்சு."

பிறகு அந்தப் பெண்ணிடம், "மேடத்துக்குத் தண்ணி கொண்டாம்மா" என்றாள்.